முகச் சுவரைக் காத்த நல்லம்மாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து ரவாங் வரைக்கும் நீங்கள் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும், அது எந்த வருடம் எழுந்தது, யார் சாரம் கட்டினார்கள் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். அதில் பாதிக்கு மேல் சாரம் கட்டியது இந்த உமாபதிதான். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பதினோரு வயதில் புல் வெட்டப் போய், நாற்பது வயதில் சொந்தமாக லோரி வாங்கியவன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

என் வாழ்க்கையை எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். எழுதலாம், அதற்குக் காலம் இருக்கிறது. இப்போது எழுதப்போவது நல்லம்மாள் என்கிற ஒரு பொம்பளையைப் பற்றி. அவள் இல்லையென்றால் என் பெயர் 1983-ஆம் வருடமே கோலசிலாங்கூர் தெருவில் செங்கல்லோடு செங்கல்லாக விழுந்து நொறுங்கியிருக்கும்.

நல்லம்மாள் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தாள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் பாதிப் பேருக்கு வேலை போனது. அவள் புருஷன் இராமையா லோரி ஓட்டப் போனார், இவள் கட்டட வேலைக்கு வந்தாள். என்னிடம் வந்து நின்ற அன்றைக்கு, "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டேன். "சிமெண்டு குழைக்கத் தெரியாது. ஆனா ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டேன்" என்றாள். கருத்து மெலிந்த உடம்பு, சட்டைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நான் ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவேன். அப்போதே சேர்த்துக்கொண்டேன். மூன்றே மாதத்தில் அவள் குழைத்த கலவை வேண்டும் என்று மேலே நிற்கும் கொத்தனார்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். தண்ணீர் கூடிவிட்டது, மணல் குறைந்துவிட்டது என்பதைக் கையில் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

இனி அந்த வேலைக்கு வருகிறேன்.

ஆற்றுக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு சீன அரிசி வியாபாரியின் பழைய கடைவீடு இருந்தது. நெற்றியில் 1926 என்று சுண்ணாம்பில் செதுக்கியிருக்கும். சன்னலுக்குச் சன்னல் பூமாலை, தூணுக்குத் தூண் இலை, உச்சியில் இரண்டு சிங்கம். பேரப்பிள்ளைகள் அதை இடித்துவிட்டுப் பத்து மாடி கட்ட ஆசைப்பட்டார்கள். பத்து மாடி! அந்த ஊரில் அதுவரைக்கும் உயரமாக நின்றது மலைமேல் இருக்கிற கலங்கரை விளக்கம்தான். அனுமதி கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பின்னால் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள், தெருவைப் பார்த்த முகத்தில் ஒரு பூ உதிரக்கூடாது.

அதாவது, முகம் பழசு, உடம்பு புதுசு. முன்சுவரை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு முதுகுப்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றிய இடத்தில் புதுக் கோபுரம் எழும்ப வேண்டும். எழும்பியதும் சுவர் எட்டுகிற ஒவ்வொரு மாடித் தளத்தையும் இரும்புக் கொக்கி போட்டுப் பழைய சுவரோடு கோத்துவிட வேண்டும். அதுவரைக்கும் அந்த ஒற்றைச் சுவர் தெருவில் தனியாக நிற்க வேண்டும். மூன்று பெரிய கொண்ட்ராக்டர்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். நான் போய்ப் பார்த்தேன். "நான் நிறுத்திக் காட்டுறேன்" என்றேன்.

நிறுத்தியும் காட்டினேன். தெருப்பக்கம் ஐந்து இரும்புக் கால்களைச் சாய்வாக ஊன்றிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஆள் உயரக் காங்கிரீட் கட்டை. ஊர் சனம் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. மலையிலிருந்து குரங்குகள்கூட இறங்கி வந்து சாரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, "இது யாருடைய வேலை?" என்று கேட்பார்கள். என் ஆட்கள் என்னைக் காட்டுவார்கள். நான் காதில் விழாத மாதிரி நிற்பேன்.

பின்பக்கம் கழற்றக் கழற்ற, கடைசியில் இரண்டு குறுக்குச் சுவர்கள் மட்டும் மிச்சம். முன்சுவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தவை அவை இரண்டும்தான். அவற்றையும் அறுத்துவிட்டால் முழுப் பாரமும் என் ஐந்து கால்களில். ஒரு வெள்ளிக்கிழமை காலை அறுப்பதாகத் திட்டம். பத்து மணிக்கு ஆர்க்கிடெக் என்சிக் ஹலிம் கோலாலம்பூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் ஆட்கள் பெரிய வேலைக்கு முன்னால் பூசை போடாமல் சுத்தியல் எடுக்க மாட்டார்கள். எட்டு மணிக்குத் தேங்காய் உடைத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். பிறகு நல்லம்மாள் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரும் வேப்பிலைக் கொத்துமாகச் சாரத்தில் ஏறினாள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் தெளிப்பார்களே, அப்படி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரைக்கும் சுவரில் வீசித் தெளித்துக்கொண்டே போனாள். வெயிலில் அந்தப் பழைய சுவர் மஞ்சள் குளித்த பிள்ளை மாதிரி பளபளத்தது. எனக்கே மயிர் கூச்செறிந்தது.

ஆற்றுப்பக்க மூலைக்குப் போனதும் அவள் கை நின்றுவிட்டது.

சன்னலின் மேல்முனையிலிருந்து சிங்கத்தின் காலடிவரைக்கும், சாய்வாக, ஒரு கோடு. மஞ்சளுக்கு நடுவில் ரத்தச் சிவப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது, வகிட்டில் குங்குமம் வைத்த மாதிரி.

"ஆத்தா!" என்று அலறினாள் வேலம்மா. அவளும் கலவை குழைக்கிறவள்தான். அலறிய வேகத்தில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். நாலைந்து பேர் கைகூப்பிக்கொண்டு தரையில் விழுந்தார்கள். ஒருவன் கற்பூரத்துக்கு ஓடினான். நானும் செருப்பைக் கழற்றினேன் என்பதை மறைப்பானேன்.

"ஏ வேலம்மா! ஆடாத, நில்லு!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "ஆத்தா இல்லடி. சிமெண்டு!"

"வாயக் கழுவு! ஆத்தா கோவிச்சுக்குவா!" என்றாள் வேலம்மா, ஆடிக்கொண்டே.

"அவ கோவிச்சா நான் பாத்துக்கறேன். உமாபதிண்ணே, மேல வாங்க, சீக்கிரம்!"

சாரத்தில் ஏறினேன். நல்லம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் சிமெண்டு கடித்த புண்.

"தெனமும் சாயங்காலம் இந்தப் புண்ணுக்கு மஞ்சப் பூசறோம். சிமெண்டு ஒட்டியிருக்கற எடம் மட்டும் எப்படிச் செவக்குது தெரியுமாண்ணே? இதே செவப்புதான். இந்தக் கோட்டுல யாரோ புதுச் சிமெண்டு வச்சு அடச்சிருக்காங்க."

"ஏம்மா, சுண்ணாம்புக்கும்தானே மஞ்சள் சிவக்கும்? ஆரத்திக்கு அதைத்தானே கலக்குறீங்க? இந்தச் சுவரே சுண்ணாம்புதான்" என்றேன். விவரம் தெரிந்தவன் அல்லவா நான்.

"அது புதுச் சுண்ணாம்பு. இது அம்பது வருசத்துக் கெழட்டுச் சுண்ணாம்புண்ணே, காரமெல்லாம் செத்துப்போச்சு. பாருங்க, மத்த எடமெல்லாம் மஞ்சளாத்தான் கெடக்கு. புதுசா வச்சது மட்டும்தான் செவக்குது."

உளியை எடுத்துச் சிவப்புக் கோட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். மேல்பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெடிப்பு. என் சுண்டுவிரல் கணுவரைக்கும் போனது.

கீழே பார்த்தேன். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் மச்சான் உடையப்பன் ஒருவனைத் தவிர. அவன்தான் அங்கே மண்டோர், ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி. அவன் மட்டும் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் உடையப்பா!"

"மச்சான்... நேத்து மத்தியானம்தான் பாத்தேன். மேப்பூச்சுல வெடிச்சிருக்குன்னு நெனச்சேன். இன்னைக்கு ஆர்க்கிடெக் வர்றாருல்ல..."

"வந்தா?"

"தோட்டத்துல தொர வர்றாருன்னா முந்தின நாளு லயத்துக்கு வெள்ள அடிக்கறதில்லையா? விரிசல அடச்சு, சாணி மெழுகி, கோலம் போட்டு... அந்த மாதிரிதான் லா. கொஞ்சம் சாம்பலு கொஞ்சம் சேறு தேச்சு பழசு மாதிரி ஆக்கி விட்டேன்."

கோபத்தில் எனக்குக் கண் இருட்டியது. ஆனால் அடிக்க முடியவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை. எங்கள் அப்பன் பாட்டன் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். துரை வரும் நாளில் லயம் அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். துரை போன பிறகு கூரை ஒழுகினால் நம் தலைமேல்தான் ஒழுகும். ஆனால் இந்தச் சுவர் நம் தலைமேல் மட்டும் விழாது. கீழே பாசார் போகிற தெரு. மீன் கூடையோடு நின்று பேரம் பேசும் பெண்கள், பஸ், சைக்கிள். இன்னும் அரை மணி நேரத்தில் குறுக்குச் சுவர்களை அறுத்திருப்போம்.

உச்சியிலிருந்து தூக்குக் குண்டை இறக்கினேன். சுவர் தெருப்பக்கமாக ஒன்றேமுக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது.

அப்புறம் காரணத்தைத் தேடி இறங்கினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, எனக்கு முன்னாலேயே நல்லம்மாள் அங்கே போய் நின்றுகொண்டிருந்தாள். ஆற்றுப்பக்கம் இருந்த ஐந்தாவது காங்கிரீட் கட்டை மண்ணுக்குள் அமிழ்ந்திருந்தது. அவள் கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஐந்து கட்டைக்கும் அடியில் பக்காவ் மரம், அதாவது சதுப்புநில மரக் கம்பம், அடித்து இறக்க வேண்டும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. சேற்று நிலம், ஆற்றங்கரை. நான் நாலுக்கு இறக்கினேன். ஐந்தாவது இடத்தில் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, "இது பாறை மாதிரி இருக்கு, மரம் வேணாம்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மண்ணை மிதித்தே சொல்லிவிடுவான் உமாபதி என்று என் ஆட்கள் பெருமையாகப் பேசினார்கள். அந்த இடம் எந்தக் காலத்திலோ தூர்த்த சாக்கடை. மேலே கெட்டி, உள்ளே களி.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் சூடேறுகிறது. "தெருவை அடை!" என்றேன். உடையப்பன் பறந்தான். இரண்டு லோரியைக் குறுக்கே நிறுத்தினான். மீன்காரச் சீனக் கிழவர் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தார். வேலம்மா, சாமி இறங்கியும் இறங்காமலும் தலைவிரி கோலமாகப் போய் அவர் முன்னால் நின்றாள். கிழவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனார். பட்டறையிலிருந்து லோரியைத் தூக்கும் ஜேக் நாலு வந்தது. கிடங்கில் கிடந்த பக்காவ் மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டைக்குப் பக்கத்தில் மேடை கட்டினோம். அந்த மேடையில் ஜேக்கை வைத்து, அமிழ்ந்த காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

நல்லம்மாள் மட்டும் அங்கே இல்லை. பார்த்தால், டீ போடுகிற அடுப்பில் மரவள்ளி மாவைப் போட்டுப் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

"இப்பத்தான் உனக்குப் பலகாரமா?" என்று கத்தினேன்.

"ஆமாண்ணே, சுவத்துக்கு" என்றாள்.

கணக்குப் புத்தகத் தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, சாரத்தில் ஏறி, வெடிப்புக்குக் குறுக்கே ஆறு இடத்தில் ஒட்டினாள். அந்த வெயிலுக்குப் பத்து நிமிடத்தில் காய்ந்து விறைத்துவிட்டது. "வெடிப்பு முடி அளவு அசஞ்சாலும் தாளு கிழியும். நான் இங்கயே நிக்கறேன். கிழிஞ்சா சொல்றேன், நிறுத்துங்க" என்றாள். ஆர்க்கிடெக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித்தான் இதைச் செய்வாராம், பிற்பாடு சொன்னார். இவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

ஜேக்கை முறுக்கினேன். நானேதான், வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. கால் மெல்ல ஏறியது. தாங்கிவிட்டது. அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் என் சுவர் ஒன்றேமுக்கால் அங்குலம் சாய்ந்து நிற்பதை ஆர்க்கிடெக் பார்ப்பதா? நிமிர்த்தியே விடலாம் என்று நினைத்தேன். இன்னும் முறுக்கினேன்.

"ஒரு தாளு போச்சு! நிறுத்துங்க!"

"இன்னும் அரைச் சுத்துதான்."

"ரெண்டாவது போச்சு! அண்ணே, செவுரு கெழவி, குமரி இல்ல! நிமித்துனா ஒடைஞ்சிருவா! நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

அப்போது உச்சியிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பூ கழன்று வந்து தெருவில் என் காலடியில் சிதறியது. கையை எடுத்துவிட்டேன். நல்லம்மாள் வெடிப்பருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மிச்சம் நாலு தாளும் முழுசாக இருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தானா என்சிக் ஹலிமின் கார் வர வேண்டும்? இறங்கினார். லோரிகளைப் பார்த்தார், ஜேக்கைப் பார்த்தார், உடைந்த பூவைப் பார்த்தார். உடையப்பன் என் காதில், "மழன்னு சொல்லிருங்க மச்சான். நேத்து பேஞ்சிச்சுல்ல. மழைமேல யாரும் கேஸ் போட முடியாது" என்றான்.

சாரத்தின் மேலே பார்த்தேன். நல்லம்மாள் ஒட்டிய தாள்களுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் இறங்கவில்லை. சுவர் விழுந்தால் முதலில் போகிறவள் அவள்தான். அப்படி நிற்கிற ஒருத்தியை வைத்துக்கொண்டு மழைமேல் பழி போட என் நாக்கு எழவில்லை.

மலாயில் சொன்னேன். என் மலாய் யாருக்கும் சளைத்ததல்ல. "துவான், ஐந்தாவது காலுக்கு நான் மரம் இறக்கவில்லை. மிதித்துப் பார்த்து முடிவு செய்தேன். தப்பு என்னுடையது. வெடிப்பை மறைத்தது என் மச்சான், அதுவும் என்னையே சேரும். கண்டுபிடித்தது அதோ அந்தப் பெண்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலணியைக் கழற்றிவிட்டுச் சாரத்தில் ஏறினார். கோட்டைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார், மஞ்சளைத் தொட்டு மோந்து பார்த்தார். நல்லம்மாள் தனக்குத் தெரிந்த மலாயில் கையை விரித்து விளக்கினாள். ரொம்ப நேரம் பேசினார்கள். இறங்கி வந்து என்னிடம், "சுவரை நிமிர்த்த வேண்டாம். எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்துக்கொள். குறுக்குச் சுவர்களை இப்போது தொடாதே. புதுக் கட்டடம் முதலில் எழும்பட்டும், சாய்ந்த சுவருக்கு ஏற்றபடி கொக்கியை நீளமாக்கித் தருகிறேன். அதன் பிறகு அறு" என்றார். கிளம்பும்போது, "தினமும் காலையில் அந்த அம்மா தாளைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேலை இல்லை" என்றார்.

அன்றைக்கே ஐந்தாவது காலுக்குப் பன்னிரண்டு பக்காவ் மரம் இறக்கினேன். வரைபடத்தில் எட்டுதான் இருந்தது.

அதற்கப்புறம் மூன்றரை மாதம் நல்லம்மாளின் ராஜ்ஜியம். காலை ஏழு மணிக்கு முப்பது ஆண்கள் சாரத்துக்குக் கீழே அண்ணாந்து நிற்பார்கள். அவள் ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை அசைப்பாள். அசைத்த பிறகுதான் சுத்தியல் ஓங்கும். ஒரே ஒரு நாள், பக்கத்தில் கனமான லோரி போய் ஒரு தாள் கிழிந்தது என்று முழு நாளும் நிறுத்திவிட்டாள். உடையப்பன், "ஒரு தாளுக்கு ஒரு நாளா அக்கா?" என்று கெஞ்சினான். "ஒனக்குச் சிமெண்டு வச்சு அடச்சாத்தான் சந்தோசமோ?" என்றாள்.

கோபுரம் எழுந்தது ஐயா! ஒவ்வொரு தளமாக, பழைய சிங்கங்களின் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் மூன்றையும் கொக்கி போட்டுச் சுவரோடு கோத்தோம். பிறகு குறுக்குச் சுவர்களை அறுத்தோம். கடைசியாக என் இரும்புக் கால்களைக் கழற்றும் நாள் வந்தது. முட்டுக் கால்களை எடுத்த பின்னும் சுவர் நிற்க வேண்டும். நின்றால் நான் கொண்ட்ராக்டர். விழுந்தால் மறுபடியும் புல் வெட்டுகிறவன்.

தெருவை அடைத்தாகிவிட்டது. எல்லாரையும் ஐம்பது அடிக்கு அப்பால் நிறுத்தினேன். கால்களை இழுக்கிற கிரேன்காரனுக்குக் கையைக் காட்டிவிட்டு, நான் மட்டும் போய்ச் சுவருக்கு நேர் கீழே நின்றேன். என் வேலைக்குக் கீழே நானே நிற்காவிட்டால் வேறு யார் நிற்பது? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, என் ரத்தத்தில் இருக்கிறது.

பக்கத்தில் ஒரு நிழல். நல்லம்மாள்.

"அங்க போ. உனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு" என்றேன்.

"ஒங்களுக்கு இல்லையா?"

"நான் கட்டினது, நான் நிக்கறேன். என்னை நம்பி நீ ஏன் நிக்கறே?"

"ஒங்கள நம்பியா?" சிரித்தாள். "நான் தாளப் பாத்துட்டு வந்து நிக்கறேண்ணே. காலைல ஆறு மணிக்கே ஏறி எல்லாத்தையும் பாத்தாச்சு. நீங்கதான் என்ன நம்பி நிக்கறீங்க."

அதற்குள் கிரேன் உறுமியது. முதல் கால் போனது. இரண்டாவது போனது. மூன்று, நாலு. ஐந்தாவது காலைக் கழற்றும்போது சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது, பாரம் இடம் மாறுகிற முனகல். நல்லம்மாள் அண்ணாந்தபடியே நின்றாள். கால் அந்தரத்தில் தூக்கப்பட்டு லோரியில் போய் விழுந்தது.

சுவர் நின்றது.

ஐம்பது அடிக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், மலைக்குரங்குகளெல்லாம் மரத்தை விட்டு மரம் தாவின. உடையப்பன் ஓடி வந்து என்னைத் தூக்கினான். தூக்க முடியாமல் கீழே போட்டான். தெருப்புழுதியில் உட்கார்ந்தபடியே நான் மேலே பார்த்தேன். ஒன்றேமுக்கால் அங்குலம் முன்னால் சாய்ந்து, எழும்பிக்கொண்டிருக்கும் பத்து மாடியை முதுகில் சாய்த்துக்கொண்டு, அந்தக் கிழவி தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லம்மாள் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன?" என்று கத்தினேன்.

"அந்த முனகல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்க வேணாமா?" என்றாள்.